முள்ளுக்காட்டுப்புதூரில் ஒரே டம்ளர்தான்

வேலனுக்கு எதையும் அளவாகச் செய்ய வராது. கோயம்புத்தூரில் ஒரு பவுண்டரியில் அச்சு பிடிக்கிற வேலையில் இருந்தபோதே மிச்ச மண்ணில் ஆள் உயரத்துக்கு ஒரு ஊக்கு செய்து வைத்து, மேஸ்திரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன். பிறகு கம்பியும் சிமெண்டும் கைக்குப் பழகியதும் ஆளைப் பிடிக்க முடியவில்லை. பவானியில் ஜமக்காளத் தறியில் நூல் ஓட்டும் நாடாக் கட்டை ஒன்றைப் பரிசல் பெரிசுக்குச் செய்து ரோட்டோரம் நிறுத்தினான். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு முன்னால் அதே ஊக்கு, இந்தத் தடவை வளையத்துக்குள் ஸ்கூட்டர் நிறுத்தலாம். கிணத்துக்கடவில் ஒரு தேங்காய்த் துருவி. அதைப் பார்த்து வண்டிமாடுகள் மிரண்டதாகப் பேச்சு. சனங்கள் அண்ணாந்து பார்த்து, "நம்மூட்டுச் சாமானமுங்க, ஆனா இன்னைக்குத்தான் பாக்கற மாதிரி இருக்குதுங்க" என்றார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது.

இத்தனை ஊருக்குச் செய்தவன், பிறந்த ஊரான முள்ளுக்காட்டுப்புதூருக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆசை இல்லாமல் இல்லை. ஒரே ஒரு ஆசை இருந்தது. பொள்ளாச்சி ரோட்டிலிருந்து பிரியும் அந்த நாலுரோட்டில், பங்காருவின் டீக்கடையை ஒட்டி ஒரு கண்ணாடி டம்ளர் நிறுத்த வேண்டும். கோடு கோடாக இருக்குமே, அந்த டீக்கடை டம்ளர். அந்தக் கடையில் வேலன் சின்ன வயசிலிருந்து டீ குடித்திருக்கிறான், கண்ணாடி டம்ளரைத் தொட்டதில்லை. அவன் தெருக்காரர்களுக்கு டம்ளர் ரோட்டுக்கு அந்தப் பக்கம், வேலிக்கம்பில் கவிழ்த்து மாட்டியிருக்கும். நசுங்கிய அலுமினிய டம்ளர். பங்காரு ரோட்டைத் தாண்டி வந்து, கை படாமல் உயரத்திலிருந்து, சொட்டுச் சிந்தாமல் ஊற்றுவான். குடித்தவர்களே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். வேலனின் அம்மா ராசம்மாள் இன்றைக்கும் அப்படித்தான் குடிக்கிறாள். தொட விடாத அந்தக் கண்ணாடி டம்ளரைத் தன் கையால், எவனும் மறைக்க முடியாத உயரத்துக்குச் செய்து, அதே இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தொண்ணூற்றேழில் சுதந்திரப் பொன்விழா வந்தது. திரும்பின பக்கமெல்லாம் குழு முளைத்த வருஷம் அது. எங்கள் பக்கம் முளைத்ததற்கு 'வட்டாரப் பொன்விழா எழில் மேம்பாட்டு ஆலோசனைக் குழு' என்று பெயர். காரின் முன்கண்ணாடியில் எழுத இடம் போதாமல் பின்கண்ணாடிவரை சுற்றி எழுதிக்கொண்டார்கள். தலைவர் காளிச்சாமி. மில்லும் தோப்பும் உள்ளவர், முள்ளுக்காட்டுப்புதூர் நிலத்தில் பாதிக்குச் சொந்தக்காரர். செயலாளர் நஞ்சுண்டன், ஓய்வு பெற்ற பொறியாளர். பண்பாட்டு உறுப்பினர் புவனா, கல்லூரிப் பேராசிரியை.

ஆர்.எஸ்.புரத்தில் காளிச்சாமியின் பங்களாவில்தான் கூட்டம். பொன்விழாவுக்கு நினைவுச் சின்னம் ஒன்று செய்ய வேலனையும் கூப்பிட்டிருந்தார்கள். கூட்டம் என்றால் முதலில் பொன்னாடை. செயலாளருக்குத் தலைவர் போடுவார். அதையே செயலாளர் கழற்றிப் பேராசிரியைக்குப் போடுவார். பேராசிரியை மடித்துத் தலைவருக்குப் போட்டதும் ஆடை வீடு வந்து சேர்ந்துவிடும். பிறகு இதற்காக ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொள்வார்கள். பிறகு டீ. உறுப்பினர்களுக்குப் பூப்போட்ட பீங்கான் கோப்பை, வேலனுக்குப் பிளாஸ்டிக் கப். "சுகாதாரமுங்க" என்று யாரும் கேட்காமலே நஞ்சுண்டன் விளக்கம் சொன்னார்.

நினைவுச் சின்னத்தின் கருத்து சமத்துவமாக இருக்க வேண்டும் என்று மேலிடத்துச் சுற்றறிக்கை. அதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். வேலன் கப்பை இறுக்கிப் பிடித்தான். சூட்டில் கப் நசுங்கி டீ விரலில் ஊற்றியது.

"ஒரு டம்ளருங்க அய்யா. டீக்கடைக் கண்ணாடி டம்ளரு. பங்காரு கடைகிட்ட."

காளிச்சாமி துள்ளி எழுந்துவிட்டார். "அட்ரா சக்கை! ஏனுங்க செயலாளரே, எப்பேர்ப்பட்ட ரோசனை பாருங்க! நம்ம கொங்குச் சீமையில ஊட்டுக்கு வந்தவியளுக்கு மொதல்ல தண்ணி மோந்து குடுத்துப்போட்டுத்தான் பேரே கேப்போமுங்க. யாரு, எவுரு, எந்தத் தெருவு, ஒண்ணும் பாக்கமாட்டமுங்க. சரி, நீ போப்பா, போய் வேலையப் பாரு."

காளிச்சாமி வாயில் 'ங்க' இல்லாமல் சொல்லே வராது. வேலன் பக்கம் திரும்பும்போது மட்டும் அது மறந்துபோகும். வேலன் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. பஸ் ஏறி முள்ளுக்காட்டுப்புதூர் வரும்வரை அவன் கால் தரையில் படவில்லை.

கம்பி கட்டி, வலை சுற்றி, சிமெண்ட் பூசி டம்ளர் எழுந்தது. பங்காரு கடையின் கூரையைத் தாண்டியது. பக்கத்துத் தென்னையின் பாதி உயரத்துக்கு வந்தது. பூசின சிமெண்ட் இறுகும்வரை தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டுமே, அந்த வேலைக்கு ராசம்மாள் வந்தாள். குடம் குடமாகச் சுமந்து ஏணியில் ஏறி ஊற்றுவாள், இறங்கி வந்து கையால் துடைத்துப் பார்ப்பாள்.

"கண்ணு, இதென்னடா கூத்து! இந்த டம்ளரைத் தொட்டதுக்கு ஒருத்தரும் ஒண்ணும் சொல்லக் காணோம்" என்றாள் மகனிடம்.

"பெருசா இருக்குதல்லம்மா. டம்ளருன்னு தெரியலையாட்ட இருக்குது."

தெரியத்தான் செய்தது, கொஞ்சம் தாமதமாக. வெள்ளை அடித்து, கோடுகளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி, உள்ளே டீ நிறம் கொடுத்ததும் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் பங்களாவுக்குப் போனார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று வெளியே தெரியாது. 'ஒத்தை டம்ளரா நின்னா அது யாருதுன்னு கேள்வி வருமுங்களே' என்று ஒருவர் சொன்னது மட்டும் காவல்காரன் காதில் விழுந்தது.

மறுநாளே அவசரக் கூட்டம். வேலனையும் கூப்பிட்டு விட்டார்கள். பொன்னாடை ஒரு சுற்றுச் சுற்றி முடிந்தது.

அன்றைக்கு அவர்கள் பேசின பேச்சை வேலன் சாகும்வரை மறக்கமாட்டான். சொல்ல வந்ததை மூவரும் கடைசிவரை சொல்லவே இல்லை. ஒற்றையாக நின்றால் காற்றழுத்தம் ஒரே பக்கம் தாக்கும் என்றார் நஞ்சுண்டன். இரண்டாக இருந்தால் பகிர்ந்துகொள்ளுமாம். நம் பண்பாட்டில் எல்லாமே இரண்டு என்றார் புவனா. கண் இரண்டு, காது இரண்டு, காவேரியும் பவானியும் இரண்டு. "ஒத்தைங்கறது சகுனத்துக்கே ஆகாதுங்க" என்று முடித்தார் காளிச்சாமி. ஆக, இரண்டாவது டம்ளர் ஒன்று செய்வதென்று முடிவானது.

வேலனுக்கு முதலில் சந்தோஷமாகக்கூட இருந்தது. "பக்கத்துலயேங்களா அய்யா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பக்கத்துல வேண்டாம். கொஞ்சம் தள்ளி" என்றார் நஞ்சுண்டன்.

"எவ்வளவு தள்ளிங்க?"

"ரோட்டுக்கு அக்கட்டால. வேலியோரமா."

வேலன் விடவில்லை. "அளவு இதே அளவுதானுங்களே?"

"கொஞ்சம் சின்னதாவே இருக்கட்டும். எளிமையா."

"கண்ணாடி மாதிரிதானுங்களே?"

காளிச்சாமிக்குப் பொறுமை போய்விட்டது. "ஏப்பா, என்னமோ வெளியூர்க்காரனாட்டக் கேக்கற! அந்தப் பக்கம் என்ன வழக்கமோ அப்படியே செஞ்சுபோடு. உனக்குத் தெரியாததா?"

இரண்டு தலைமுறையாக அந்த ஊரில் ஒரு வார்த்தையில் சொல்லக் கூசியதை, இப்போது கம்பியிலும் சிமெண்டிலும் கட்டித் தரச் சொல்கிறார்கள். அதுவும் சமத்துவத்துக்காக! வேலன், "அது என்னால முடியாதுங்க அய்யா" என்றான்.

நஞ்சுண்டன் கோபப்படவில்லை. அவர் எதற்கும் கோபப்படுகிறவர் அல்ல. "முடியாட்டிப் பரவால்லை. முதல் டம்ளர் நிக்கறது ரோடு புறம்போக்கு. நம்ம குழு இருக்கறதால அது நினைவுச் சின்னம். குழு கையை எடுத்துட்டா அது ஆக்கிரமிப்பு. புல்டோசர் வந்து தள்ளி உட்டுட்டுப் போயிரும். யோசிச்சுச் சொல்லு" என்றார்.

சொன்னபடியே மறுநாள் ஒரு புல்டோசர் வந்து நாலுரோட்டில் நின்றது. ஒன்றும் செய்யவில்லை, சும்மா நின்றது. ஓட்டுநர் பங்காரு கடையில் டீ வாங்கி, பெரிய டம்ளரின் நிழலிலேயே உட்கார்ந்து குடித்தான். அவன் எஞ்சினை முடுக்கிப் பார்த்தபோதெல்லாம் வேலன் ஓடி வந்து எட்டிப் பார்த்தான்.

வேலன் சாப்பிடவில்லை. வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். ராசம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அதை இடிச்சுப்போடுவாங்களாடா?"

"ரெண்டாவது செய்யாட்டி இடிச்சுப்போடுவாங்க. செஞ்சா என்ற கையாலயே நம்மளத் தள்ளி வெச்ச மாதிரி ஆயிரும். நீயே சொல்லும்மா."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "தண்ணி ஊத்தி ஊத்தி என்ற தோளு உட்டுப்போச்சுடா! அதை இடிக்க உடாத. அவுங்க என்ன சொன்னாங்க, அந்தப் பக்கம் வழக்கம் என்னமோ அப்படியேன்னாங்களா?"

"ஆமா."

"அப்ப அப்படியே செய்யி. ஒண்ணும் கொறைக்காத, ஒண்ணும் கூட்டாத."

வேலன் எழுந்து உட்கார்ந்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அன்றைக்கே ரோட்டுக்கு அந்தப் பக்கம் நாலு மூலைக்கும் கம்பு நட்டு, தார்ப்பாய் சுற்றி மறைத்துவிட்டு வேலையைத் தொடங்கினான்.

அவன் பயந்தது மேற்பார்வைக்கு. திறப்பு விழாவுக்கு முன்னால் நஞ்சுண்டன் நேரில் பார்த்துச் சான்று தர வேண்டும். அவர் வந்து காரை விட்டு இறங்கியபோது வேலன் தார்ப்பாய்க்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். தார்ப்பாயைத் தூக்கினால் எல்லாம் முடிந்தது. நஞ்சுண்டன் முதல் டம்ளரைச் சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார், நாடாப் பிடித்து அளந்தார். பிறகு ரோட்டின் விளிம்புவரை வந்து நின்றார். அந்தப் பக்கம் வேலி, வேலிக்குப் பின்னால் வேலனின் தெரு. அவர் செருப்புக் காலை ஒருதரம் முன்னால் வைத்தார், உடனே எடுத்துக்கொண்டார்.

"ஏப்பா, உள்ள எல்லாம் சரியா இருக்குதா?" என்று இந்தப் பக்கமிருந்தே குரல் கொடுத்தார்.

"வழக்கப்படியே இருக்குதுங்க அய்யா."

"அப்பச் சரி." அங்கிருந்தே சான்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார். ரோட்டைத் தாண்டாமல் மேற்பார்வை செய்ததற்கு வேலன் மனசுக்குள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

ஆகஸ்டு பதினைந்து. பந்தல், ஒலிபெருக்கி, கொடி எல்லாம் தயார். திறந்து வைக்க வந்தவர் வடக்கிலிருந்து மாறுதலாகி வந்திருந்த ஒரு பெரிய அதிகாரி. தமிழைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர். புல்டோசரும் ஓரமாக நின்றது. அதற்கும் யாரோ மாலை போட்டிருந்தார்கள்.

வந்தவர்களுக்கெல்லாம் இலவச டீ என்று அறிவித்ததும் கூட்டம் வரிசை கட்டியது. யாரும் சொல்லவில்லை, கயிறு கட்டவில்லை. இந்தப் பக்கம் ஒரு வரிசை, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வரிசை. அதிகாரி அசந்துபோனார்.

"என்ன ஒழுங்கு! காவலர் இன்றியே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். எவ்வாறு இது சாத்தியமாயிற்று?"

"பழக்கமுங்க" என்றார் காளிச்சாமி பெருமையாக.

முதல் டம்ளரின் திரை விலகியது. கைதட்டல். காளிச்சாமி ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துப் பேசினார். "இந்த டம்ளரு எல்லாருக்கும் பொதுவுங்க. மேலு கீழு, பெரியவிய சின்னவிய, ஒரு வித்தியாசமும் நம்மூர்ல இல்லீங்க. கேட்டுப் பாருங்க, ஒருத்தர் வாயத் தொறந்து இருக்குதுன்னு சொல்லட்டும்." ரோட்டுக்கு அந்தப் பக்க வரிசையில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. "பாத்தீங்களா!" என்றார்.

பிறகு இரண்டாவது. வேலன் தார்ப்பாய்க் கயிற்றைப் பிடித்தான். புல்டோசரைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். ராசம்மாள் வரிசையில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தார்ப்பாய் சரிந்தது.

அலுமினிய நிறத்தில் டம்ளர். வயிற்றில் பெரிய நசுங்கல். விளிம்பில் பிளவு. ஆள் பருமனுக்கு நட்ட வேலிக்கம்பின் உச்சியில், தலைகீழாகக் கவிழ்த்து மாட்டியிருந்தது. கம்புக்குக் கீழே சிமெண்டில் ஒரு வாளி, கழுவிக்கொள்ள.

கைதட்ட எடுத்த கைகள் பாதியில் நின்றன.  அது என்ன என்று ஊருக்கே தெரிந்தது, தெரியாதவர் அதிகாரி ஒருவர்தான். அவர் ஆர்வமாகக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"அருமை. ஆனால் இது மட்டும் ஏன் கவிழ்த்து வைக்கப்பட்டுள்ளது?"

பிறந்ததிலிருந்து பார்த்த சங்கதி. இதற்கு யோசித்துப் பதில் சொல்ல என்ன இருக்கிறது? காளிச்சாமி யோசிக்கவே இல்லை. ஒலிபெருக்கி வாயருகிலேயே இருந்தது.

"அது அவிங்களுதுங்க. குடிச்சுப்போட்டு அவிங்களே கழுவிக் கவுத்து வெச்சிருவாங்க. நம்முளுது இக்கட்டால இருக்குது பாருங்க, அது வேறைங்க."

நாலு மூலைக் குழாய்களிலும் அது கணீரென்று கேட்டது. பொள்ளாச்சி ரோட்டில் போன பஸ்காரர்களுக்கும் கேட்டிருக்கும். 

அதிகாரி மெதுவாகத் திரும்பினார். "அவர்கள் என்றால் யார்?"

காளிச்சாமி வாயைத் திறந்தார். அதற்குள் நஞ்சுண்டன் பாய்ந்து ஒலிபெருக்கியைப் பிடுங்கி, உச்சஸ்தாயியில் தேசிய கீதத்தை ஆரம்பித்துவிட்டார். எல்லோரும் விறைத்து நின்றார்கள், அதிகாரியும்தான். பாட்டு முடிந்ததும் நஞ்சுண்டன் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பாடினார். மூன்றாவது தடவை தொடங்கியபோது அதிகாரி விறைப்பாகவே நடந்து போய்க் காரில் ஏறிக்கொண்டார்.

இந்த ஊரில் இரட்டை டம்ளர் உண்டா, இல்லையா என்று எழுத்தில் பதில் கேட்டு அதிகாரியிடமிருந்து கேள்வி வந்தது. குழு கூடியது. அன்றைக்குப் பொன்னாடை இல்லை. முதல் வேலையாக அந்தச் சனியனை இடித்துத் தள்ள வேண்டும் என்று காளிச்சாமி குதித்தார்.

"இடிக்கலாமுங்க" என்றார் புவனா. "ஆனா ரெண்டாவது டம்ளரை இடிச்சோம்னு கணக்குல எழுதணும். எழுதினா ரெண்டாவது ஒண்ணு இருந்துச்சுன்னு ஆயிருமே. இல்லாததை எப்படிங்க இடிக்கறது?"

"அப்ப அந்த மொதலாவதை இடிச்சுப்போட்டா?"

"அப்ப மிச்சம் அவிங்களுது மட்டும்தானுங்க நிக்கும்" என்றார் நஞ்சுண்டன்.

அதை நினைத்துப் பார்த்ததும் காளிச்சாமி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆக, இரண்டையும் தொடக்கூடாது, ஒன்றுதான் இருக்கிறது என்று பதில் அனுப்ப வேண்டும், ஊரறிய ஒரு பலகையும் வைத்துவிட வேண்டும் என்று முடிவானது. புல்டோசர் மாலையோடு திரும்பிப் போனது. 'முள்ளுக்காட்டுப்புதூரில் ஒரே டம்ளர் மட்டுமே உள்ளது' என்று கொட்டை எழுத்தில் பலகை வந்தது. ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்ட இடம் தேடினார்கள். தோதான உயரம் அந்த வேலிக்கம்பில்தான் இருந்தது. கவிழ்த்த டம்ளருக்குக் கீழே அதை வைத்து ஆணி அடித்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு ஒரு சந்தை நாள். வேலனும் ராசம்மாளும் கிணத்துக்கடவிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். நாலுரோடு நெருங்கியதும் கண்டக்டர் விசில் ஊதி, "ரெட்டை டம்ளர் எறங்குங்க! ரெட்டை டம்ளர்!" என்று கத்தினார். அந்த நிறுத்தத்துக்கு அதுதான் பெயர் என்று ஆகிவிட்டிருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துப் பலகையைப் படித்துச் சிரித்தார்கள்.

வேலன் வழக்கம்போல ரோட்டைத் தாண்டப் போனான். ராசம்மாள் தாண்டவில்லை. நேராகப் பங்காருவின் கடைக்கு முன்னால் போய் நின்றாள். வேலன் பாதி ரோட்டிலிருந்து திரும்பி ஓடி வந்தான்.

"ஏனுங்க" என்றாள் பங்காருவிடம், அத்தனை மரியாதையாக. "அந்தப் போர்டுல என்னமோ எழுதிருக்குதுங்களாமா. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. சித்தெப் படிச்சுச் சொல்லுங்க."

பங்காரு பஸ்ஸைப் பார்த்தான். ஜன்னலுக்கு ஜன்னல் தலை. இறங்கவேண்டியவர்கள் எல்லாம் இறங்கியும் கண்டக்டர் விசில் ஊதாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"முள்ளுக்காட்டுப்புதூரில் ஒரே டம்ளர் மட்டுமே உள்ளது" என்று படித்தான் பங்காரு. 

"அப்படீங்களா. அப்ப அந்த ஒண்ணுலயே ஊத்துங்க."

பங்காரு அசையவில்லை. பாய்லர் கொதித்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். வேலன் அம்மாவுக்கு முன்னால் வந்து நிற்க ஒரு அடி எடுத்து வைத்தான். பஸ்ஸிலிருந்து யாரோ, "ஊத்துங்க அண்ணா, போர்டு போட்டிருக்குதல்ல" என்றார்கள். பங்காரு பலகையை இன்னொரு தரம் பார்த்தான். கோடு போட்ட கண்ணாடி டம்ளர் ஒன்றை எடுத்தான்.  அவன் ஊற்றியதில் அன்றைக்குத்தான் முதல்தடவையாக டீ சிந்தியது.

ராசம்மாள் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஒரு சுற்றுத் திருப்பி, மகன் சிமெண்டில் இழுத்த கோடுகள் இதிலும் இருக்கின்றனவா என்று பார்த்தாள். அவசரமில்லாமல் குடித்தாள். குடித்து முடித்ததும் பழக்கதோஷத்தில் அவள் கை, கடையோரம் இருந்த டம்ளர் கழுவுகிற வாளிப் பக்கம் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

டம்ளரை அப்படியே, கழுவாமல், கவிழ்க்காமல், பங்காருவின் மேசைமேல் வைத்தாள்.

"வாரனுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். கண்டக்டர் அப்புறம்தான் விசில் ஊதினார்.